சீருடையைக் கழற்றிய பிறகு: அனுசரிப்புக் கோளாறுக்கான உளச்சிகிச்சையில் நான் கற்றவை

படையில் இருந்த ஒருவன் மனநலச் சிகிச்சைக்குப் போகிறான் என்று கேள்விப்பட்டால், போர்க்களத்தில் கண்ட ஏதோ ஒரு கோரம் அவனை இன்னும் துரத்துகிறது என்றுதான் பெரும்பாலோர் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு நேர்ந்தது வேறு. பல ஆண்டுப் பணியை முடித்து, உடலில் சொல்லும்படியான காயம் ஏதுமின்றி, முறையாக விடுவிக்கப்பட்டு வீடு திரும்பியவன் நான். திரும்பிய சில வாரங்களிலேயே தூக்கம் கெட்டது. சின்ன விஷயத்துக்கெல்லாம் குரல் உயர்ந்தது. காலையில் கண் விழித்தால் அன்றைய பொழுதை எதற்காகத் தொடங்குவது என்றே தெரியவில்லை. இது களைப்பு, தானாகச் சரியாகிவிடும் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். சரியாகவில்லை. கடைசியில் என் மனைவி வற்புறுத்தி அழைத்துச் சென்ற மனநல மருத்துவர், நீண்ட நேரம் விசாரித்துவிட்டு, இது வாழ்வில் நேர்ந்த ஒரு மாற்றத்துக்கோ நெருக்கடிக்கோ மனம் ஈடுகொடுக்க முடியாமல் போகும் அனுசரிப்புக் கோளாறு என்றும் இதற்கு முதலில் தேவைப்படுவது மாத்திரையைவிட உளச்சிகிச்சைதான் என்றும் சொன்னார்.

அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்கு ஏற்பட்டது நிம்மதி அன்று, கூச்சம். படைக்காரர்களிடையே எழுதப்படாத ஒரு தரவரிசை உண்டு: குண்டுவெடிப்பில் சிக்கியவனுக்குத் தூக்கம் வராவிட்டால் அதில் நியாயம் இருக்கிறது, ஓய்வு பெற்றவனுக்குத் தூக்கம் வராவிட்டால் அது பலவீனம். இந்த எண்ணம் எத்தனை பேரைச் சிகிச்சையின் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறது என்பதைப் பின்னாளில்தான் பார்த்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறு, அதாவது பி.டி.எஸ்.டி., 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் இடம்பெற்ற பிறகு படையினரின் மனநலம் பற்றிய பேச்சு முழுவதையும் அதுவே பிடித்துக்கொண்டது. ஆனால் அமெரிக்கப் படையினரின் மருத்துவப் பதிவுகளை எடுத்துக்கொண்டால், மிக அதிகமாகக் கண்டறியப்படும் மனநலக் குறைபாடுகளில் ஒன்றாக அனுசரிப்புக் கோளாறே ஆண்டுதோறும் வருகிறது. இடமாற்றம், குடும்பத்தை விட்டு நெடுநாள் பிரிந்திருத்தல், ஒழுங்கு நடவடிக்கை விசாரணை, கைவிட்டுப்போன பதவி உயர்வு, மணமுறிவு, உடல்தகுதி இழந்து முன்கூட்டியே விடுவிக்கப்படுதல், என்னைப் போல ஓய்வு என எது வேண்டுமானாலும் அதைத் தூண்டலாம்.

மருத்துவர் எனக்கு விளக்கியதைச் சுருக்கிச் சொல்கிறேன். மேலே சொன்ன அமெரிக்கச் சங்கத்தின் டி.எஸ்.எம்-5 கையேட்டின்படி, இனங்காணத்தக்க ஒரு நெருக்கடி நேர்ந்த 3 மாதத்துக்குள் அறிகுறிகள் தொடங்கியிருக்க வேண்டும். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார அமைப்பின் ஐ.சி.டி-11 நோய் வகைப்பாடு, வழக்கமாக 1 மாதத்துக்குள் என்கிறது. அந்த நெருக்கடியைப் பற்றியே மனம் ஓயாமல் சுழல்வதையும், புதிய நிலைமைக்கு ஈடுகொடுக்க முடியாமல் வேலையோ உறவோ பாதிக்கப்படுவதையும் அது முதன்மையாக வைக்கிறது. நெருக்கடியும் அதன் விளைவுகளும் நீங்கிவிட்டால் பொதுவாக 6 மாதத்துக்குள் அறிகுறிகள் தணிந்துவிடும் என்பதில் இரண்டும் ஒத்துப்போகின்றன. இதில் ‘விளைவுகள்’ என்ற சொல்லை நான் அப்போது கவனிக்கவில்லை. ஓய்வு என்பது ஒரு நாளில் முடிந்துபோகும் நிகழ்வாகத் தெரிந்தாலும், குறைந்துபோன வருமானம், இல்லாமற்போன பதவி, நம்மைக் கேட்காமலே நடந்து பழகிவிட்ட வீடு ஆகியவை தொடர்ந்துகொண்டே இருக்கின்றன. காலம் போனால் ஆறிவிடும் என்று காத்திருப்பவர்களுக்கு ஏன் ஆறுவதில்லை என்பதற்கு விடை அங்கேதான் இருக்கிறது.

சிகிச்சையாளரிடம் போவதற்கு முன்பு என்னை அலைக்கழித்த கேள்வி, நான் சொல்வது யார் காதுக்குப் போகும் என்பது. ஓய்வு பெற்றவனுக்கே அந்தப் பயம் என்றால், பணியில் இருப்பவர்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. படை மருத்துவமனையில் சிகிச்சை பெறும்போது, பணிக்குத் தகுதியா இல்லையா என்பது குறித்து மேலிடத்துக்குத் தெரிவிக்க வேண்டிய கடமை சிகிச்சையாளருக்கு இருக்கலாம். வெளியே பெறும்போது விதிகள் வேறாக இருக்கலாம். ஊகித்துக்கொண்டு வாயை மூடியிருப்பதைவிட முதல் சந்திப்பிலேயே நேராகக் கேட்டுவிடுவது நல்லது. நான் கேட்டேன்: எதையெல்லாம் எழுதி வைப்பீர்கள், அதைப் பார்க்கும் உரிமை யாருக்கு உண்டு, எந்தச் சூழலில் என்னைக் கேட்காமலே பிறரிடம் சொல்வீர்கள்? என் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்று தெரிந்தால் சொல்லியாக வேண்டும் என்றும், மற்றபடி என் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் எதுவும் அறையை விட்டு வெளியே போகாது என்றும் அவர் பதில் சொன்னார். இந்தக் கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்லாதவரிடம் மனத்தைத் திறக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

முதல் அமர்வில் சில வினாத்தாள்களைக் கொடுத்தார்கள். பி.எச்.கியூ-9 என்பதில் கடந்த 2 வாரத்து மனச்சோர்வைப் பற்றி 9 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். பி.சி.எல்-5 என்பதில் பேரதிர்ச்சி அறிகுறிகளைப் பற்றி 20 கேள்விகள். படையில் மருத்துவப் பரிசோதனைத் தாள் வந்தால் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று எழுதிவிட்டு எழுந்துபோகும் பழக்கம் எல்லோருக்கும் கைவந்தது. இங்கே அது உதவாது, ஏனென்றால் பின்வரும் வாரங்களில் இதே தாளைத் திரும்பத் திரும்ப நிரப்பித்தான் சிகிச்சை பலன் தருகிறதா என்று பார்க்கிறார்கள். பி.எச்.கியூ-9-இன் கடைசிக் கேள்வி, செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் வருகிறதா என்பது. நான் ‘சில நாட்கள்’ என்பதைக் குறித்தேன். அவர் பதறவில்லை, பேச்சையும் மாற்றவில்லை. அந்த எண்ணம் எப்போது வருகிறது, வழி ஏதும் யோசித்ததுண்டா, வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

அனுசரிப்புக் கோளாறு லேசானது என்று பெயர் வாங்கியிருந்தாலும் தற்கொலை ஆபத்து இதிலும் உண்டு. ஆயுதத்தைக் கையாளத் தெரிந்தவனுக்கு, உந்துதல் எழும் நிமிடத்துக்கும் செயலுக்கும் இடையே உள்ள தூரம் மிகக் குறைவு. அந்த இடைவெளியை அதிகப்படுத்துவதுதான் உயிரைக் காக்கிறது: உரிமம் பெற்ற ஆயுதம் இருந்தால் தோட்டாவை வேறாகவும் ஆயுதத்தை வேறாகவும் பூட்டி, சாவியை இன்னொருவரிடம் கொடுப்பது, அல்லது மனம் தெளியும்வரை வீட்டைவிட்டே அப்புறப்படுத்துவது. வாசிப்பவர்களில் யாருக்கேனும் இன்று அந்த எண்ணம் வலுத்திருந்தால், அடுத்த வாரச் சந்திப்புவரை காத்திருக்காதீர்கள். இன்றே ஒருவரிடம் சொல்லிவிட்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

இனி, சிகிச்சை என்ற பெயரில் அந்த அறையில் உண்மையில் என்னதான் நடந்தது என்பது. சி.பி.டி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும், அதோடு சேர்த்துப் பிரச்சினை தீர்க்கும் சிகிச்சை என்ற முறையும்தான் எனக்குக் கொடுக்கப்பட்டவை. வாரம் ஒருமுறை சந்திப்பு, இடையில் வீட்டில் செய்து வர வேண்டிய எழுத்து வேலை. சாய்வு நாற்காலியில் படுத்துக்கொண்டு குழந்தைப் பருவத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும் என்று நினைத்துப் போனவனுக்கு, கோடு போட்ட ஒரு தாளைக் கையில் கொடுத்தார்கள். என்ன நடந்தது, அந்த நொடியில் மனத்தில் ஓடியது என்ன, என்ன உணர்ச்சி, அது 100-க்கு எவ்வளவு, அந்த எண்ணத்துக்குச் சாதகமான சான்று எது, எதிரான சான்று எது என்று அதில் பத்திகள் இருந்தன.

நான் முதலில் எழுதிக்கொண்டு போனது, என் மகனின் காலணிகளைப் பற்றி. அவன் விளையாடிவிட்டு வந்து வாசலுக்குக் குறுக்கே அவற்றைக் கழற்றிப் போட்டிருந்தான். நான் கத்திய கத்தலில் அவன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். இரவுச் சாப்பாட்டுக்கும் வரவில்லை. தாளில் ‘கோபம், 90’ என்றும், மனத்தில் ஓடிய எண்ணமாக ‘ஒழுங்கே இல்லை’ என்றும் எழுதியிருந்தேன். சிகிச்சையாளர் அதைப் படித்துவிட்டு, “ஒழுங்கு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அந்த நிமிடம் தோன்றியது?” என்று கேட்டார். யோசித்தேன். “இருட்டில் அவசரமாக வெளியே ஓட வேண்டியிருந்தால் தடுக்கி விழுவார்கள்” என்றேன். அவர் மறுபடி கேட்டார்: “விழுந்தால்?” அதற்கு என் வாயிலிருந்து வந்த பதில், “ஒருவன் விழுந்தால் பின்னால் வருகிற எல்லோரும் மாட்டிக்கொள்வார்கள்” என்பது. சொல்லி முடித்தபோது எனக்கே விளங்கியது, நான் பேசிக்கொண்டிருந்தது என் வீட்டு வாசலைப் பற்றியே இல்லை என்று.

அவர் அந்த எண்ணத்தைத் தவறு என்று சொல்லவில்லை. இதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். ‘இந்த விதி எந்த இடத்துக்காக ஏற்பட்டது, அங்கே அது யாரைக் காப்பாற்றியது, இங்கே அது என்ன செய்கிறது’ என்று மட்டும் எழுதிவரச் சொன்னார். முகாமில் அந்த விதி ஆட்களைக் காப்பாற்றியிருக்கிறது. அதற்கு என்னிடம் சான்று இருந்தது. வீட்டில் அதே விதி ஒரு சிறுவனை அப்பாவிடமிருந்து ஒளிந்துகொள்ள வைத்தது. அதற்கும் சான்று இருந்தது. இரண்டையும் ஒரே தாளில் அடுத்தடுத்த பத்திகளில் என் கையெழுத்திலேயே பார்த்தது, ‘கோபத்தைக் குறை’ என்று ஆயிரம் பேர் சொன்னதைவிட வேலை செய்தது. படையினருக்குச் சிகிச்சை தருபவர்கள், நாங்கள் கற்ற எச்சரிக்கையுணர்வை நோயாகப் பார்க்காமல், இடம் மாறிப்போன திறமையாகப் பார்த்தால் எங்களில் பலர் பாதியில் எழுந்து போக மாட்டோம்.

பிரச்சினை தீர்க்கும் சிகிச்சைக்கு 1971-இல் டிசுரில்லா, கோல்ட்ஃப்ரீட் என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட கட்டுரை அடித்தளம் என்று சொன்னார்கள். படையில் திட்டமிடப் பழகியவனுக்கு இது மிக எளிதாக ஒட்டிக்கொள்ளும், எனக்கும் அப்படித்தான். ‘எனக்கு எதிர்காலமே இல்லை’ என்று நான் சொன்னதை அவர் பிரச்சினையாகவே ஏற்றுக்கொள்ளவில்லை. அதை உடைத்து உடைத்துக் கேட்டதில், அதற்குள் இருந்த ஒன்று, நான் படையில் செய்த வேலையை வெளியாருக்குப் புரியும்படி சொல்லத் தெரியவில்லை என்பது. இதற்குத் தோன்றுகிற வழிகளையெல்லாம், நல்லது கெட்டது பார்க்காமல், பட்டியல் போட வேண்டும். பிறகு ஒவ்வொன்றின் சாதக பாதகங்களை எடைபோட்டு ஒன்றைத் தேர்ந்து அந்த வாரமே செய்து பார்த்து, என்ன ஆயிற்று என்று வந்து சொல்ல வேண்டும். நான் தேர்ந்தது, பதவிப் பெயர்களும் சுருக்கெழுத்துகளும் இல்லாமல் ஒரே பக்கத்தில் என் வேலையை எழுதி, படையோடு தொடர்பே இல்லாத ஒரு நண்பரிடம் படிக்கக் கொடுப்பது. அவர் புரியவில்லை என்று கோடிட்ட இடங்களைத் திருத்தித் திருத்தி எழுதிய அந்தப் பக்கம்தான் பின்னால் வேலைக்கான விண்ணப்பமாக ஆனது.

வெறுமைக்கு அவர்கள் தந்த மருந்து, வாராந்திரக் கால அட்டவணை. மனம் வந்தால் செய்வது என்று விட்டுவிடாமல், செய்தால் மனம் வரும் என்ற அடிப்படையில், நடை, நண்பர் ஒருவரைச் சந்திப்பது, கையால் செய்யும் ஏதாவது ஒரு வேலை என்று நேரம் குறித்து எழுதி, முடித்த பிறகு அதில் எவ்வளவு நிறைவு கிடைத்தது என்று 10-க்கு மதிப்பிட வேண்டும். பல ஆண்டுகள் அடுத்தவர் போட்ட அட்டவணையில் வாழ்ந்தவனுக்குத் தானே ஒன்று போடுவது எதிர்பாராத அளவுக்குச் சிரமமாக இருந்தது.

தூக்கத்துக்குத் தனியாகச் சில அமர்வுகள் தேவைப்பட்டன. இரவுக் காவல் பழகிய உடம்பு, படுத்ததும் ஓசைகளை எண்ணத் தொடங்கிவிடும். நெடுநாள் தூக்கமின்மைக்கு முதலில் தர வேண்டியது மாத்திரை அன்று, தூக்கத்துக்கென வகுக்கப்பட்ட சி.பி.டி.தான் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர்களின் அமைப்பு 2016-இல் பரிந்துரைத்திருக்கிறது. விதிகள் கடுமையானவை: இரவு எப்படிப் போனாலும் காலையில் ஒரே நேரத்தில் எழ வேண்டும், ஏறக்குறைய 20 நிமிடம் தூக்கம் வராவிட்டால் படுக்கையை விட்டு எழுந்து வேறு அறையில் மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுத் தூக்கம் கண்ணைச் சுழற்றும்போதுதான் திரும்ப வேண்டும், பகலில் படுக்கையில் சாயக் கூடாது. முதல் வாரங்களில் முன்பைவிட மோசமாக இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள், அப்படியே இருந்தது. அதைத் தாங்கிக் கடந்தால் பலன் உண்டு. மதுவைப் பற்றியும் ஒளிவுமறைவின்றிப் பேசினார்கள். குடித்தால் சீக்கிரம் தூங்கலாம் என்பது உண்மையாகத் தோன்றினாலும், இரவின் பின்பாதியில் அது தூக்கத்தைக் கலைத்துவிடுகிறது. நம்மில் பலர் மருந்தாக நினைத்துக் குடித்து, கடைசியில் அதுவே தனி நோயாகிப்போன கதை எல்லாப் படைப்பிரிவிலும் இருக்கிறது.

எல்லோருக்கும் இவ்வளவு போதாது. என்னோடு பணியாற்றிய ஒருவருக்கு என்னைப் போன்ற எரிச்சலும் தூக்கமின்மையும் வெளியே தெரிந்தாலும், உள்ளே இருந்தது பி.டி.எஸ்.டி. அனுசரிப்புக் கோளாறு என்று பொதுவாக முடிவுகட்டிவிட்டால் இத்தகையவர்கள் தவறிப்போவார்கள். ஒரு குறிப்பிட்ட நிகழ்ச்சி கனவிலும் விழிப்பிலும் மீண்டும் நடப்பதுபோல வந்தால், அதை நினைவூட்டும் இடங்களையும் ஆட்களையும் தவிர்க்கத் தொடங்கினால், அதைக் கட்டாயம் சிகிச்சையாளரிடம் சொல்ல வேண்டும். அதற்கான முறைகள் வேறு. எட்னா ஃபோவா உருவாக்கிய நீடித்த எதிர்கொள்ளல் சிகிச்சையில் வழக்கமாக 8 முதல் 15 அமர்வுகள். என்னோடு பணியாற்றிய அந்த நண்பர், தன்னை விடாத நிகழ்ச்சியைக் கண்ணை மூடி நிகழ்காலத்தில் விவரிக்க, அதை ஒலிப்பதிவு செய்து தினமும் வீட்டில் கேட்கச் சொன்னார்கள். பட்ரீசியா ரெசிக் வகுத்த அறிவாற்றல் செயலாக்கச் சிகிச்சை பெரும்பாலும் 12 அமர்வுகள் கொண்டது. ‘நான் முன்னால் போயிருந்தால் அவன் பிழைத்திருப்பான்’ என்பது போன்ற நம்பிக்கைகளை அது சோதித்துப் பார்க்கிறது. ஃபிரான்சின் ஷபீரோ 1987-இல் தொடங்கிய, கண் அசைவைப் பயன்படுத்தும் இ.எம்.டி.ஆர். முறையும் உண்டு. மூன்றுக்கும் நல்ல ஆதாரம் இருக்கிறது. பயத்தைவிடக் குற்றவுணர்வே மேலோங்கியிருந்தால், தன் மனசாட்சிக்கு எதிரானதைச் செய்ததோ தடுக்க முடியாமல் பார்த்ததோதான் வதைக்கிறது என்றால், அதையும் தனியாக எடுத்துச் சொல்ல வேண்டும். அதற்கு ‘நீ கட்டளையைத்தானே நிறைவேற்றினாய்’ என்ற ஆறுதல் எட்டுவதே இல்லை.

பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அசம்பாவிதம் நடந்த மறுநாளே எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து, நடந்ததை விவரிக்கச் சொல்லும் ஒருமுறைக் கூட்டம் பல இடங்களில் வழக்கமாக இருந்தது. அது பிற்காலப் பாதிப்பைத் தடுப்பதாக ஆய்வுகளில் தெரியவரவில்லை. கட்டாயப்படுத்தினால் சிலருக்குத் தீங்காகவும் முடியலாம். ஓய்வு, உணவு, வீட்டோடு பேச வாய்ப்பு, பேச விரும்புபவருக்குக் காது, இவையே அந்த நேரத்துக்குப் போதும். தூக்கமும் அமைதியும் வரட்டும் என்று பென்சோடையசெபின் வகை மாத்திரைகளைக் கொடுப்பதையும் உலக சுகாதார அமைப்பு 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், அதிர்ச்சிக்குப் பிந்தைய முதல் மாதத்தில் தவிர்க்கச் சொல்கிறது.

என் மனைவியும் சில அமர்வுகளுக்கு வந்தார். நான் தொலைவில் இருந்த ஆண்டுகளில் வரவு செலவு, பிள்ளையின் படிப்பு, பழுதுபார்ப்பு, உறவுகளின் நல்லது கெட்டது எல்லாவற்றையும் தனியாகச் சுமந்தவர் அவர். நான் வந்த நாள்முதல் எல்லாவற்றையும் விசாரித்து உத்தரவு போட, அவர் மௌனமாகிவிட்டார். சிகிச்சையாளர் எங்கள் இருவரையும் ஒரு தாளில் வீட்டு முடிவுகளையெல்லாம் எழுதி, யாருடையது, யாரைக் கேட்டுச் செய்வது என்று பிரிக்கச் சொன்னார். “இத்தனை வருஷமா நான் எடுத்த முடிவு ஏதாவது தப்பாப் போயிருக்காங்க?” என்று மனைவி அங்கே கேட்டது, வீட்டில் கேட்டிருந்தால் சண்டையாகியிருக்கும். மூன்றாம் மனிதர் ஒருவர் முன்னிலையில் அதற்கு நான் பதில் தேட வேண்டியிருந்தது, பதில் ‘இல்லை’ என்பதாகவே இருந்தது. படையினரின் குடும்பத்தாரைச் சிகிச்சையில் சேர்க்காமல் ஆளை மட்டும் சரிசெய்ய முயல்வது பாதி வேலைதான் என்று நான் நம்புகிறேன்.

சிகிச்சையாளர் நமக்குப் பொருந்தாமற்போவதும் உண்டு. படை வாழ்க்கை தெரியாதவர் என்பதற்காக மட்டும் ஒருவரை ஒதுக்க வேண்டியதில்லை. தெரியாததைக் கேட்டுக்கொள்ளும் பொறுமை அவருக்கு இருந்தால் போதும். ஆனால் போர்க்கதை கேட்கும் ஆவலில் வாரக்கணக்கில் தோண்டிக்கொண்டே போய், எதை நோக்கி வேலை செய்கிறோம் என்று சொல்லாதவரானால், நாலைந்து அமர்வுக்குள் நேரடியாகக் கேட்டுவிட்டு, மாற வேண்டியிருந்தால் மாறிவிடுவது மேல்.

அமர்வுகள் முடிவை நெருங்கியபோது, வாரம் ஒன்று என்பது மாதம் ஒன்றாகக் குறைக்கப்பட்டது. கடைசியாக ஒரு தாள் எழுதினோம்: நான் மறுபடி சறுக்கத் தொடங்கினால் முதலில் தெரியும் அடையாளங்கள் எவை என்று. இரவில் பூட்டுகளைத் திரும்பத் திரும்பச் சரிபார்ப்பது, நடையை விடுவது, சாப்பாட்டு நேரத்தில் யாரிடமும் பேசாமல் எழுந்துபோவது. இதன் ஒரு பிரதி மனைவியிடம் இருக்கிறது. அவற்றில் இரண்டு சேர்ந்து ஒரு வாரம் நீடித்தால், என்னைக் கேட்காமலே சந்திப்புக்கு நேரம் வாங்க அவருக்கு உரிமை உண்டு என்று மூவரும் ஒப்புக்கொண்டோம். புதிய வேலையில் சேர்ந்த காலத்தில் அவர் அதைப் பயன்படுத்தினார். நான் போய்ச் சில அமர்வுகள் உட்கார்ந்து, பழைய தாள்களை மீண்டும் எழுதிவிட்டு வந்தேன். சிகிச்சையைத் தொடங்கும்போதே, முடிந்த பிறகு இப்படித் திரும்பி வர இடம் உண்டா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.